சிவப்பு முகத்தை அழுத்துவது நான்தான்

மேன்மை பொருந்திய பணியாளர் அனுபவ அதிகாரி அவர்களின் சமூகத்துக்கு,

பதவியில் தங்களுக்குக் கீழேயும் வயதில் தங்களுக்கு மேலேயும் இருக்கும், புகார்ப் பிரிவின் மூத்த எழுத்தரும் தங்கள் உடன்பிறந்த அக்காளுமாகிய நான் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கே நலம், அங்கே நலமறிய ஆவல் என்று எழுத வேண்டிய இடம் இது. நலம் அறிவதற்கென்றே தாங்கள் அலுவலக வாசலில் ஒரு பெட்டியைப் பொருத்திவிட்டபடியால் அந்த ஆவலுக்கு இனி வேலையில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

தங்கள் பெயரில் நேற்று எல்லோருடைய கைப்பேசிக்கும் வந்த சுற்றறிக்கையைக் கண்ணாடி போட்டு ஒரு முறையும், நம்ப முடியாமல் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறையும் படித்தேன். மூன்றாம் மாடி ஊழியர்கள் காலையில் உள்ளே நுழையும்போது வாசல் பெட்டியில் சிரிக்கும் பச்சை முகத்தை அழுத்திவிட்டு வருகிறார்களாம். ஆனால் யாரோ ஒருவர் மட்டும் நாள் தவறாமல் அழும் சிவப்பு முகத்தை அழுத்துகிறாராம். அந்த ஒரு சிவப்பினால் மற்ற கிளைகளுக்கு முன்னால் நம் கிளையின் மானம் போகிறதாம். அந்த 'அன்பு உள்ளம்' தானாக முன்வந்தால் தண்டனை கிடையாது, ஓர் அன்பான உரையாடல் மட்டும்தானாம். முன்வராவிட்டால் திங்கட்கிழமை முதல் பெட்டிக்கு மேலே ஒரு கேமரா பொருத்தப்படுமாம், அதுவும் அன்பினால்தானாம். அன்பான உரையாடலுக்குப் போன கிடங்குக் கணக்கர் அட்டைப் பெட்டியில் தன் சாமான்களை அடுக்கிக்கொண்டு வெளியே போனதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த ஆளைக் கண்டுபிடித்துக் கொடுக்காவிட்டால் தாங்களே அட்டைப் பெட்டி தேட வேண்டியிருக்கும் என்று இயக்குநர் தங்களிடம் சொல்லிவிட்டதாகத் தேநீர்க்காரர் சொன்னார். அவர் தட்டோடு எல்லா அறைக்குள்ளும் போய் வருகிறவர், அவர் சொல்லிப் பொய்யானது எதுவும் இல்லை. ஆகவே கேமரா வாங்கும் வீண் செலவு வேண்டாம். தாங்கள் தேடும் அந்த அன்பு உள்ளம் நான்தான். சிவப்பை அழுத்தியது நான், அழுத்துவது நான், நாளைக்கும் அழுத்தப் போவது நான். இதைப் படிக்கும் இயக்குநர் அவர்களுக்கும் வணக்கம்.

இதுவரை மரியாதையாக எழுதிவிட்டேன், இதற்கு மேல் கை வரவில்லை. இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு சோறு ஊட்டிய பிள்ளையை எத்தனை வரிக்குத்தான் 'தாங்கள்' என்பது? டேய் தம்பி, நான் ஏன் அழுத்தினேன் என்று கேள். நீ கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

முதலில் என் மேஜை. ஜன்னலுக்குப் பக்கத்தில், மின்விசிறி நேராக மண்டையில் அடிக்காத இடத்தில், ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்து ஆட்டம் நிறுத்திய மேஜை. அதன் இழுப்பறையில் என் மாற்றுச் செருப்பு, தைலம், ஊசி நூல், முதுகுக்கு வைக்கும் தலையணை எல்லாம் இருந்தன. ஒரு திங்கட்கிழமை வந்து பார்க்கிறேன், மேஜையைக் காணோம். யாருக்கும் தனி இடம் கிடையாது, தினமும் புது இடத்தில் உட்கார்ந்தால் புதுச் சிந்தனை வரும் என்று நீ படம் போட்டு விளக்கினாய். எனக்கு வந்த ஒரே புதுச் சிந்தனை, காலையில் எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்து இடம் பிடிக்க வேண்டும் என்பதுதான். பேருந்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல நாங்கள் பென்சில், தண்ணீர்ப் புட்டி, சீப்பு என்று கையில் கிடைத்ததை எல்லாம் போட்டு இடம் பிடிக்கிறோம். ஒருநாள் மருத்துவரிடம் போய்விட்டுத் தாமதமாக வந்தேன். எல்லா நாற்காலியும் நிறைந்து, உட்காருவதற்கென்று நீ வாங்கிப் போட்ட பஞ்சு மூட்டை ஒன்றுதான் பாக்கி. சரி, இதுவும் நாற்காலிதானே என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று சொல்வது தவறு, அது என்னை விழுங்கியது. முழங்கால் காதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அழைப்பு. ஒரு வீட்டில் நம் சலவை இயந்திரம் நிற்காமல் தண்ணீரைக் கக்குகிறது.

"மேடம், தண்ணி கூடம் வரைக்கும் வந்துடுச்சு, சீக்கிரம் யாரையாவது அனுப்புங்க!" என்று அந்தம்மா கத்துகிறார்.

"கொஞ்சம் பொறுங்கம்மா, மெக்கானிக்கை அனுப்புறவரு அந்தக் கோடியில இருக்காரு. நான் எழுந்திரிச்சாத்தான் அவரைக் கூப்பிட முடியும், என்னால எழுந்திரிக்க முடியல."

"ஐயோ, ஏன், அங்கேயும் தண்ணியா?"

"இல்லம்மா, இங்க மூட்டை."

அந்தம்மா என்ன புரிந்துகொண்டாரோ, தன் வெள்ளத்தை மறந்துவிட்டு, "பயப்படாதீங்க, மூச்ச நல்லா இழுத்து விடுங்க, பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்று எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிட்டார். கடைசியில் தேநீர்க்காரர் ஒரு கையையும் விற்பனைப் பிரிவுக்காரர் ஒரு கையையும் பிடித்து இழுத்ததில் நான் வெளியே வந்தேன், என் ஒரு செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. அந்தச் சிறு கூட்டத்தைப் படம் எடுத்து 'கைகோத்து உயர்வோம்' என்று கூடத்துத் தொலைக்காட்சியில் ஓட விட்டவன் நீதான்.

அடுத்தது பெயர். இனி அலுவலகத்தில் சார் கிடையாது, மேடம் கிடையாது, எல்லோரும் ஒரே குடும்பம், பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்றாய். என்னைவிடப் பெரியவரான காவலாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை. போன மாதம் வேலையில் சேர்ந்த பெண் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது யாரையோ கூப்பிடுகிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். குடும்பம் என்றால் அக்கா, அண்ணா, மாமா என்று கூப்பிடுவார்களே, எந்தக் குடும்பத்தில் ஆளாளுக்குப் பெயர் சொல்கிறார்கள்? அதோடு விட்டாயா? பயிற்சியாளர் ஒருவரைக் கூட்டி வந்து எங்களை வட்டமாக நிற்க வைத்தாய். அவர் சிரித்துக்கொண்டே, "உங்க பக்கத்துல இருக்கறவங்களை, உங்க மனசுக்கு எது ரொம்ப நெருக்கமோ அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க. கூச்சமே படாதீங்க" என்றார். என் பக்கத்தில் நின்றது நீ. நான் கூச்சப்படவில்லை. "மொட்டை" என்றேன்.

பேன் தொல்லை தாங்காமல் உன் தலையை நானே மழித்ததிலிருந்து உனக்கு வீட்டில் அதுதானே பெயர்? இப்போது நீ எண்ணெய் தடவி வாரி, கண்ணாடி பார்த்துப் பார்த்துக் கோதிவிடும் இத்தனை அடர்த்தியான முடிக்கு அது பொருந்தவில்லை என்றால் அது என் குற்றமா? மறுநாளிலிருந்து அலுவலகமே பிடித்துக்கொண்டது. "மொட்டை, இதுல ஒரு கையெழுத்து", "மொட்டை, கூட்டம் எத்தனை மணிக்கு?" என்று நேற்று வந்த பிள்ளைகள்கூடக் கூப்பிட்டார்கள். நீ பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாய். தலைமை அலுவலகத்திலிருந்து 'அன்புள்ள மொட்டை அவர்களுக்கு' என்று மின்னஞ்சல் வந்ததாகக் கேள்விப்பட்டேன். அதற்கு மட்டும் மனப்பூர்வமாக வருந்துகிறேன். மற்றபடி சட்டம் போட்டது நீ, நான் கீழ்ப்படிந்தேன், அவ்வளவுதான்.

இப்போது எங்கள் பிரிவுக்கு வருவோம். காலம் காலமாகப் புகார்ப் பிரிவு என்று இருந்தது. கேட்டவுடனே ஆளுக்குப் புரியும். நீ அதை 'வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பிரிவு' ஆக்கினாய். புதிதாக எடுத்த கல்யாணப் பட்டுச் சட்டையை நம் இயந்திரம் கந்தலாக்கிய வயிற்றெரிச்சலில் ஒரு மனிதர் அழைக்கிறார், நான் எடுத்து, "வணக்கம், மகிழ்ச்சிப் பிரிவு" என்கிறேன். அந்த மனிதர் என்ன சொன்னார் என்பதை ஒரு பெண்பிள்ளை கடிதத்தில் எழுத முடியாது. அப்படி ஏச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே மணி அடிக்கும், மூச்சுப் பயிற்சி. எல்லோரும் கண்ணை மூடி, நமக்குப் பிடித்த ஓர் இடத்தை நினைக்க வேண்டும். நான் என் பழைய மேஜையை நினைத்தேன், தூங்கிவிட்டேன். நான் விட்ட குறட்டையைக் கேட்ட பயிற்சியாளர், நான் ஆழ்ந்த தியான நிலைக்குப் போய்விட்டதாகச் சான்றிதழ் கொடுத்தார். அதற்குள் தொலைபேசிகள் அடித்து அடித்து ஓய்ந்து, எத்தனை வீட்டில் தண்ணீர் கூடம் வரைக்கும் போனதோ, யார் கண்டார்கள்.

பாராட்டு நட்சத்திரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கைப்பேசியில் ஒருவருக்கொருவர் நட்சத்திரம் கொடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு செய்தாய். விற்பனைப் பிரிவுக்காரர்கள் தங்களுக்குள்ளேயே கொடுத்து வாங்கி வானத்தையே காலி செய்துவிட்டார்கள். நாள் முழுவதும் அடுத்தவர் வீட்டுக் குளியலறையில் முட்டி போட்டுக்கொண்டு இயந்திரத்தைப் பிரிக்கும் மெக்கானிக்குக்கு ஒன்றுகூட இல்லை, ஏனென்றால் அவர் எங்கள் கண்ணிலேயே படுவதில்லை. நான் அவருக்கு ஒன்று அனுப்பினேன். அது எப்படியோ குடிதண்ணீர் எந்திரம் வைத்துக் கொடுத்த கம்பெனிக்காரருக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் நெகிழ்ந்துபோய் எனக்குப் பதில் நட்சத்திரம் அனுப்பிவிட்டார்.

இதற்கெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம் என்பாய். சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒன்றுக்கு மட்டும் சிரிக்க முடியவில்லை. உன் அத்தானுக்கு அறுவை சிகிச்சை நடந்த வாரம் உனக்கு நினைவிருக்கும். அவரை மருத்துவமனையில் விட்டுவிட்டு, விடுப்பு தீர்ந்துபோன காரணத்தால் அலுவலகத்துக்கு வந்தேன். வாசலில் அந்தப் பெட்டி என்னைப் பார்த்து, 'இன்று எப்படி உணர்கிறீர்கள்?' என்று கேட்டது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெட்டிக்கு முன்னால் அழுவதா என்று அடக்கிக்கொண்டேன். உள்ளே, எங்கள் பிரிவில் நாங்கள் வாலு என்று கூப்பிடும் ஒரு சின்னப் பெண் என் முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நான் காதில் மாட்டியிருந்த தொலைபேசிக் கருவியைக் கழற்றித் தன் காதில் மாட்டிக்கொண்டு, "நீங்க போய் அவர் பக்கத்துல இருங்கக்கா, உங்க அழைப்பையும் நானே பாத்துக்கறேன்" என்றாள். சாயங்காலம் வரை இரண்டு பேருடைய ஏச்சையும் அவள் ஒருத்தியே வாங்கினாள். அந்த மாத முடிவில் உன் கணக்கு என்ன சொன்னது தெரியுமா? அவளுடைய சொந்த அழைப்புகள் தேங்கிவிட்டனவாம், ஆகவே அவளுக்கு அனுபவக் குறைபாடாம், நட்சத்திரம் பிடித்தமாம். டேய், அன்றைக்கு எனக்குக் கிடைத்ததுதானடா அனுபவம். உன் பெட்டிக்கு அது தெரியவே இல்லையே. எனக்கு எவ்வளவு கோபம் வந்தது என்று எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

ஆகவே இயக்குநர் அவர்களும் கேட்டுக்கொள்ளட்டும். என் வேலையை நான் ஒழுங்காகச் செய்கிறேன். ஏச்சு வாங்குகிறேன், எழுதிக்கொள்கிறேன், ஆளை அனுப்புகிறேன், தண்ணீர் நின்றதா என்று திரும்பக் கூப்பிட்டும் கேட்கிறேன். அதற்குச் சம்பளம் தருகிறீர்கள், சரி. என் சந்தோஷம் அந்தச் சம்பளத்தில் சேர்த்தியில்லை. அதை நான் வீட்டில் வைத்துவிட்டு வருவேன், இல்லாத நாளில் இல்லை என்று சொல்வேன். முதுகு வலித்தால் சிவப்பு, இடம் கிடைக்காவிட்டால் சிவப்பு, காரணமே இல்லாமல் மனசு சரியில்லை என்றாலும் சிவப்பு. மூன்று முகம் வைத்தது நீங்கள்தானே? ஒன்றைத்தான் அழுத்த வேண்டும் என்றால் மற்ற இரண்டும் எதற்கு, அழகுக்கா?

போன ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டுக்கு வந்தபோதே இதைச் சொல்லியிருப்பேன். நீ தட்டில் போட்டதைத் தொடாமல் பிசைந்துகொண்டே, "அக்கா, அது யாருன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாய். "எனக்கென்னடா தெரியும்? சாப்பிடு முதல்ல" என்றேன். "தெரிஞ்சா சொல்லுவியா?" என்றாய், என் முகத்தைப் பார்க்காமல். இப்போது சொல்லிவிட்டேன். அன்பான உரையாடலுக்கு எந்த நாள், எந்த நேரம் என்று இயக்குநர் குறித்துக் கொடுக்கட்டும், நான் தயார். அவர் தயாரா என்று மட்டும் கேட்டு வை. என்னிடமும் அன்பு நிறைய இருக்கிறது, உரையாடலும் நிறைய இருக்கிறது. மன்னிப்பு மட்டும் கேட்க மாட்டேன். என்னை வேலையை விட்டு அனுப்பினாலும் போகும்போது வாசலில் நின்று ஒரு தடவை சிவப்பை அழுத்திவிட்டுத்தான் போவேன்.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தம். உன் அத்தான் இப்போது கைத்தடி இல்லாமல் நடக்கிறார், உன்னை விசாரித்தார். நீ தீர்க்காயுசாக, நல்ல தூக்கமும் நல்ல பசியுமாக, எந்தப் பெட்டிக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத வாழ்வு வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படியாத ஊழியரும்
உன் அக்காளுமான நான்.

பின்குறிப்பு: இதைத் தனித் தாளில் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. மேலே இருக்கும் பக்கங்களை மட்டும் இயக்குநரிடம் கொடு. இவ்வளவு வாய் உள்ளவளைத் தவிர வேறு யார் செய்திருப்பார்கள் என்று அவரே முடிவு கட்டிவிடுவார், மேற்கொண்டு தோண்ட மாட்டார். தம்பி, நான் ஒருநாளும் சிவப்பை அழுத்தியதில்லை. மேஜை போன அன்றைக்கும் பச்சைதான், மூட்டை விழுங்கிய அன்றைக்கும் பச்சைதான், உன் அத்தானை மருத்துவமனையில் விட்டுவிட்டு வந்த அன்றைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு பச்சையைத்தான் அழுத்தினேன். எண்ணிக்கை குறைந்தால் உன்னைத்தானே கேட்பார்கள் என்ற பயம். அழுத்துவது யார் என்று எனக்கு முன்பே தெரியும். போன வாரம் இடம் பிடிக்க வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்திருந்தேன். மாடியில் ஒருவருமில்லை. நீ பெட்டிக்கு முன்னால் நின்று, இந்தப் பக்கம் பார்த்தாய், அந்தப் பக்கம் பார்த்தாய், சிவப்பை அழுத்தினாய். பிறகு கைக்குட்டையை எடுத்தாய். பொத்தானைத் துடைக்கப் போகிறாய் என்று நினைத்தேன், நீ கண்ணைத் துடைத்துக்கொண்டாய். மின்தூக்கி திறந்ததும், வந்தவர்களிடம் "இனிய காலை வணக்கம்!" என்று அப்படிச் சிரித்தாய். அலமாரிக்குப் பின்னால் நின்றிருந்த நான் அங்கேயே ஒளிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன், சொல்லவில்லை. எல்லோரையும் எப்படி இருக்கிறாய் என்று கேட்பதுதான் உன் வேலை என்பதால் உன்னை யாரும் கேட்பதில்லை போலிருக்கிறது, நானும்தான் கேட்கவில்லை. திங்கட்கிழமை கேமரா வந்தாலும் வரட்டும், அன்றிலிருந்து நீ பச்சையை அழுத்து, சிவப்பை நான் அழுத்திக்கொள்கிறேன். மேலே எழுதியிருக்கும் காரணங்கள் எல்லாம் சத்தியமாக உண்மை, அதனால் பொய் அழுத்தம் ஆகாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ மட்டும் தனியாக வீட்டுக்கு வா. உன் அத்தானை நடைக்கு அனுப்பிவிடுகிறேன். வந்து உட்கார்ந்து, உனக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் அழுதுவிட்டுப் போ. எத்தனை தடவை என்று நான் யாருக்கும் கணக்குக் கொடுக்க மாட்டேன்.